உங்களிடம் உள்ள பூனைக்கு ஏற்ற வீடு எது?

தெருவில் கிடைத்த பூனையைத் தற்காலிகமாகப் பராமரிக்கிறீர்களா? "நான் எடுத்துக்குறேன்" என்று முதலில் சொல்பவரிடமே கொடுத்துடாதீங்க. இதையெல்லாம் கேளுங்க:

*ஜன்னலில் வலை இருக்கா?*
உயரத்திலிருந்து விழுந்தால் பூனைக்கும் அடிபடும், உயிரும் போகலாம். வீட்டை நேரில் போய்ப் பாருங்க.

*வீட்டில் எல்லாருக்கும் சம்மதமா?*
ஒருவருக்கு ஒவ்வாமை இருந்தாலோ, வாடகை வீட்டு உரிமையாளர் மறுத்தாலோ பூனை திரும்பி வந்துவிடும்.

*ஏற்கெனவே எத்தனை பூனைகள்?*
சிங்கப்பூரில் 2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீடுகளில் 2 பூனைகள் வரை வளர்க்கலாம். உரிமமும் மைக்ரோசிப்பும் தேவை.

*குணம் ஒத்துப்போகுமா?*
சின்னப் பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில், கூச்சப்படும் பூனை கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கலாம். சேர்ந்தே வளர்ந்த 2 பூனைகளைப் பிரிக்காமல் கொடுக்கப் பாருங்க.

*கொடுக்கும்போது...*
முதல் சில நாள் ஒளிந்துகொள்வது இயல்புதான் என்று புது உரிமையாளரிடம் சொல்லுங்க. மைக்ரோசிப் பதிவை அவர் பெயருக்கு மாற்றுங்க.

முக்கியமாக, "ஒத்துவரலைன்னா என்னிடமே கொடுத்துடுங்க" என்று முதல் நாளே சொல்லிடுங்க. அப்படிச் சொன்னால், பூனையைப் புளோக்கின் கீழ்த்தளத்தில் விட்டுவிட்டுப் போக யாருக்கும் காரணம் இருக்காது.