ஜீன்ஸ்

ஜீன்ஸ் என்பது தடித்த பருத்தித் துணியில் தைத்து, கிழியக்கூடிய முனைகளில் செம்பு ரிவெட் அடித்த காற்சட்டை. இச்சொல் முதலில் உடையைக் குறிக்கவில்லை, துணியைக் குறித்தது. இத்தாலியத் துறைமுகமான ஜெனோவாவின் பிரெஞ்சுப் பெயர் ‘ழேன்’. 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் விற்ற ஒரு முரட்டுத் துணி அவ்வூர்ப் பெயரைப் பெற்று, அது ‘ஜீன்’ எனத் திரிந்தது என்பர். துணி ஜெனோவாவில் நெய்யப்பட்டதாலா, அங்கிருந்து கப்பலேறியதாலா, அவ்வூர் மாலுமிகள் உடுத்தியதாலா இப்பெயர் வந்தது என்பதில் ஒத்த கருத்து இல்லை.

ஜீன்ஸ் தைக்கும் துணியான ‘டெனிம்’ என்பதன் பெயரைப் பிரான்சின் நீம் நகரோடு இணைப்பது வழக்கம். ஆனால் நீம் நகரத்துச் செர்ஜ் துணி கம்பளியும் பட்டும் கலந்தது, டெனிமோ பருத்தி. ஆகவே சிலர் ஐயுறுகின்றனர். டெனிமில் பாவு அவுரி நீலம், ஊடை வெள்ளை. ஜீன் துணியில் இரண்டும் ஒரே நிறம். உழைப்பாளர் உடையான ‘டங்கரீஸ்’, மும்பையின் டோங்கிரிப் பகுதியால் பெயர் பெற்றது.

18ஆம் நூற்றாண்டில் ஜீன் துணி இங்கிலாந்தின் லங்காஷயரில் நெய்யப்பட்டது.

ரிவெட் அடித்த காற்சட்டையோ அமெரிக்காவில் பிறந்தது. அங்கு நெவாடா மாநிலத்து ரீனோ நகரில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரர் இருந்தார். ரீகாவில் பிறந்தவர், வண்டிக் கூடாரமும் குதிரைப் போர்வையும் தைத்தவர். 1870 இறுதியிலோ 1871 தொடக்கத்திலோ மரவெட்டி ஒருவரின் மனைவி, கணவருக்குக் கிழியாத காற்சட்டை வேண்டுமென 3 டாலரை முன்பணமாகத் தந்தார். குதிரை வார்களில் அடிக்கும் செம்பு ரிவெட்டுகள் அருகில் கிடந்தன. டேவிஸ் அவற்றைப் பை முனைகளில் அடித்தார். காப்புரிமைக்கான 68 டாலரைத் தேடி, தமக்குத் துணி விற்ற சான்பிரான்சிஸ்கோ வணிகர் லீவை ஸ்ட்ராஸுக்கு 1872இல் டேவிஸ் எழுதினார். 1873 மே 20இல் 139,121 எண்ணுள்ள காப்புரிமை கிடைத்தது. துணியை நியூ ஹாம்ப்ஷயரின் அமோஸ்கேக் ஆலை தந்தது. சட்டைப்பைக் கடிகாரத்துக்கென அன்று வைத்த சிறு பை, கடிகாரம் மறைந்த பின்னும் வலப்புறத்தில் நிலைத்திருக்கிறது. ஸ்ட்ராஸ் கூடாரத் துணியில் சுரங்கத் தொழிலாளருக்குத் தைத்ததாக உலவும் கதைக்குச் சான்றில்லை. 1906ஆம் ஆண்டு நிலநடுக்கத்தையும் தீயையும் தொடர்ந்து ஸ்ட்ராஸ் நிறுவனத்தின் பழைய ஆவணங்கள் அழிந்தன.

பின்பக்க ரிவெட்டுகள் சேணத்தையும் நாற்காலியையும் கீறியதால் 1937இல் துணிக்குள் மறைக்கப்பட்டன, 1966இல் நீக்கப்பட்டன. 1955இல் நடிகர் ஜேம்ஸ் டீன் திரையில் ஜீன்ஸ் அணிந்ததும் இளைஞர் அதை நாடினர். 1960 வாக்கில்தான் ஸ்ட்ராஸ் நிறுவனம் ‘இடுப்பு ஓவரால்’ என்ற பெயரை விட்டு, ‘ஜீன்ஸ்’ என்பதை ஏற்றது.

இந்தியாவில் 1980களில் அகமதாபாத்தின் அரவிந்த் ஆலை டெனிம் நெய்யத் தொடங்கியது. ஷங்கர் இயக்கிய ‘ஜீன்ஸ்’ திரைப்படம் 1998இல் வெளியானது.