கழிக்கப்பட்ட கறவை மாடுகளைக் கொழுக்க வைத்தல்

கழிக்கப்பட்ட கறவை மாடுகளைக் கொழுக்க வைத்தல் என்பது, பால் பண்ணையிலிருந்து நீக்கப்படும் பசுக்களுக்கு இறைச்சிக்காக விற்கும் முன் சில வாரங்கள் ஆற்றல் மிகுந்த தீவனம் அளித்து, அவற்றின் எடையையும் இறைச்சித் தரத்தையும் உயர்த்தும் முறை ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் பால் பண்ணைகள் ஆண்டுதோறும் தம் பசுக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் கழிக்கின்றன. சினை பிடிக்காமை, மடிநோய், கால் நொண்டுதல், பால் குறைதல் ஆகியன இதற்கான முதன்மைக் காரணங்கள். இப்பசுக்களின் இறைச்சியில் பெரும்பகுதி கொத்திறைச்சியாகப் பயன்படுகிறது.

மாடுகளைத் தேர்ந்தெடுத்தல்

எல்லா மாடுகளையும் கொழுக்க வைப்பது ஆதாயம் தராது. கறவை மாடுகளின் உடல்நிலை 1 முதல் 5 வரையான மதிப்பெண்ணால் அளக்கப்படுகிறது. மெலிந்த, ஆனால் நோயற்ற பசுவே இதற்கு ஏற்றது; அது இழந்த சதையை விரைவாக மீட்கும். ஏற்கெனவே கொழுத்த பசுவை உடனே விற்பது நல்லது. நொண்டும் மாட்டைப் பல வாரங்கள் வைத்திருந்தால் அது எழ முடியாத நிலையை அடையக்கூடும். எழுந்து நடக்க இயலாத மாடுகளை உணவுக்காக வெட்டுவதை 2009ஆம் ஆண்டின் நடுவண் அரசு விதி தடை செய்தது. எனவே அத்தகைய மாட்டின் முழு மதிப்பும் இழப்பாகிவிடும்.

தீவனம்

முதலில் பசுவின் பால் வற்றச் செய்யப்படுகிறது. பின்னர் மக்காச்சோளம் போன்ற தானியங்களின் அளவு 2 முதல் 3 வாரங்களில் படிப்படியாகக் கூட்டப்படுகிறது. திடீரென மாற்றினால் முதல் இரைப்பையில் அமிலம் மிகுந்து பசு நோயுறும். எனவே வைக்கோல் அல்லது உலர்புல் முற்றிலும் நிறுத்தப்படுவதில்லை. தானியத் தீவனத்தால் கொழுப்பின் மஞ்சள் நிறம் குறைந்து வெண்மையாகிறது.

காலமும் ஆதாயமும்

கொழுக்க வைக்கும் காலம் பொதுவாக 60 முதல் 90 நாட்கள். வளர்ச்சி முடிந்த பசுவின் எடைக்கூடுதலில் கொழுப்பின் பங்கு அதிகம். ஆதலால் நாள் செல்லச் செல்ல ஒவ்வொரு கிலோ எடைக்கும் கூடுதல் தீவனம் தேவைப்படும். கூடும் எடையின் மதிப்பும் விலை உயர்வும் தீவனச் செலவை மிஞ்சும் வரையே இம்முறை பயன் தரும். அந்நாட்டில் கழிக்கப்பட்ட பசுக்களின் விலை வழக்கமாக இலையுதிர் காலத்தில் தாழ்ந்து வசந்தத்தில் உயர்வதால், விற்கும் மாதமும் கருதப்படுகிறது. மருந்து அளிக்கப்பட்ட பசுவை, அம்மருந்துக்கு விதிக்கப்பட்ட விலக்குக் காலம் முடிந்த பின்னரே வெட்டலாம்.