கலப்பெண் வெளியில் பரப்புகள்: பதித்தலும் சமானமும்

ஓர் இயற்கணிதப் பரப்பை முப்பரிமாணக் கலப்பெண் அஃபைன் வெளியில் பல விதங்களில் பதிக்கலாம். வெளி முழுவதையும் மாற்றும் பல்லுறுப்புக்கோவை உருமாற்றம் ஒன்று (அதன் எதிர்மாற்றமும் பல்லுறுப்புக்கோவையே) ஒரு பதிவை மற்றொன்றின்மேல் கொண்டு நிறுத்தினால் அவை சமானமானவை.

தளத்தில் கோட்டைப் பதிப்பதில் வேற்றுமையே இல்லை. எல்லாம் சமானமே என்று 1974இல் சுசுகியும், 1975இல் ஸ்ரீராம் அபயங்கரும் மோவும் நிறுவினர்.

பரப்புகளில் கதை மாறுகிறது. ஆயங்களை அ, ஆ, இ என்போம். அ²இ = ஆ² − 1, அ²இ = (1 + அ)(ஆ² − 1) என்ற இரண்டும் டானியலெவ்ஸ்கி பரப்பு எனப்படும் வகையைச் சேர்ந்த ஒரே பரப்பின் பதிவுகள்; ஆயினும் சமானமல்ல என்று ஃபிராய்டன்பர்க்கும் மோசர்-ஜாஸ்லினும் காட்டினர். வாதம் அழகானது: எல்லாவற்றையும் இடப்பக்கம் கொண்டுவந்து, பூச்சியத்துக்குப் பதில் வேறு மாறிலியை இட்டால் கிடைக்கும் அண்டைப் பரப்புகள் ஒத்துப்போவதில்லை. அடுக்குக்குறிச் சார்புகளையும் உருமாற்றத்தில் அனுமதித்தாலோ, இரண்டும் சமானமாகிவிடுகின்றன!

தளத்தையே முப்பரிமாண வெளியில் பதித்தால் எப்போதும் நிமிர்த்திவிடலாமா, அதாவது அது வழக்கமான தட்டைத் தளத்துக்குச் சமானமா? ஆம் என்கிறது அபயங்கர்–சத்தாயே ஊகம். அதற்குப் பொதுவான நிரூபணம் இன்னும் கிடைக்கவில்லை.