சந்திக்காத இரண்டு ரயில்கள்

மூணாறு தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கின் குட்டி ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்தது. ரோப்வேயில் கோட்டகுடிக்கு இறங்கியது. மாட்டுவண்டியில் போடிக்குப் போய், அங்கே ரயிலேறி மதுரைக்கு வந்தது. தேனிப் பக்கம் பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள். மதுரை வில்லாபுரத்தில் இருந்துகொண்டு அந்தக் குட்டி ரயிலின் தடயத்தைத் தேடிய எனக்கு, இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி மட்டும் உறுத்தியது.

முதலில் கையில் எடுத்தது, 1906-இல் வெளியான டபிள்யூ. பிரான்சிஸின் மதுரை மாவட்ட கெஜட்டியர். தேனி, போடி எல்லாம் அன்று மதுரை மாவட்டம்தான். ஆனால் அந்த ஆண்டில் போடிக்குத் தண்டவாளமே கிடையாது. கம்பம் பள்ளத்தாக்குச் சரக்குக்கு அம்மையநாயக்கனூர்தான் ரயிலடி; இன்றைய கொடைக்கானல் ரோடு.

அடுத்து ஆண்டுகளை வரிசைப்படுத்தினேன். குண்டளையில் 1902-இல் ஓடியது ஒற்றைத் தண்டவாள ரயில். ஈவிங் முறை என்று பெயர். பாரத்தைத் தண்டவாளத்தில் ஓடும் சிறு சக்கரங்கள் தாங்க, சாயாமல் இருக்கப் பெரிய சக்கரம் ஒன்று பக்கத்துச் சாலையில் உருளும். இழுத்தவை மாடுகள். 1908-இல் அது 610 மில்லிமீட்டர் குறும்பாதையாக மாறியது. 1924 ஜூலையில், மலையாளிகள் தங்கள் ஆண்டுக் கணக்கில் ‘99-இன் வெள்ளம்’ என்று சொல்லும் பெருவெள்ளம் பாதையை அழித்தது. மறுபடி போடவில்லை.

மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை திறக்கப்பட்டது 1928 நவம்பரில். குட்டி ரயில் அழிந்து நான்கு ஆண்டுகள் கழித்து! இரண்டு ரயில்களும் ஒரே காலத்தில் ஓடவே இல்லை. வெவ்வேறு காலத்து நினைவுகளை ஒரே பயணமாகக் கோத்துவிட்டது ஊர்வழக்கு.

இந்தக் குழப்பம் இவ்வளவு நாள் நீடித்ததற்குக் காரணம், ஆவணங்கள் சிதறிக் கிடப்பதுதான். ரயில் ஓடிய மண் பெரும்பாலும் திருவிதாங்கூர். ரோப்வே இறங்கிய கோட்டகுடி சென்னை மாகாணம். பாதையோ 1897-இல் தொடங்கிய கண்ணன் தேவன் கம்பெனியின் சொத்து. அதன் பின்னால் இருந்த ஃபின்லே நிறுவனத்தின் பழைய தாள்கள் கிளாஸ்கோ பல்கலைக்கழகக் காப்பகத்தில் இருக்கின்றன. எழும்பூர் ஆவணக் காப்பகத்தை மட்டும் புரட்டினால் பாதிக் கதைகூடக் கிடைக்காது.

வேறு பழைய ரயில்களுக்கு இந்த மறதி நேரவில்லை. மீட்டர்கேஜ் பாதையான நீலகிரி மலை ரயில் அரசு ரயில்வேயின் கையில் இருந்தது. 2005-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. குண்டளையைப் போலவே ஈவிங் முறையில் ஓடிய பாட்டியாலா ரயில் 1927-இல் நின்றது. ஆனாலும் அதன் இன்ஜினைப் பழுதுபார்த்து டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். குண்டளை ரயிலுக்கு மிஞ்சியவை மிகச் சில: மூணாறு தேயிலை அருங்காட்சியகத்தில் உள்ள ஓர் இன்ஜின் சக்கரம், டாப் ஸ்டேஷன் என்ற ஊர்ப்பெயர் போன்றவை.

போடிப் பாதையும் இரண்டு முறை மறைந்து வந்தது. உலகப்போரின்போது 1942-இல் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். ஐம்பதுகளில் திரும்பப் போட்டார்கள். 2010 இறுதியில் அகலப்பாதைக்காக நிறுத்தப்பட்ட ரயில், 2023 ஜூனில்தான் போடியை மீண்டும் எட்டியது. அதைத் திருப்பிக் கேட்க மக்கள் இருந்தார்கள். தோட்டக் கம்பெனியின் சரக்கு ரயிலுக்கு அப்படி யாரும் இல்லை.

அழிந்துபோன குட்டி ரயிலை இனி ஓட்ட முடியாது. அதன் வரலாற்றையாவது சரியாக எழுதலாம். போடி, குரங்கணி, கோட்டகுடிப் பக்கம் ரோப்வே காலத்துக் கூலிச் சீட்டோ, கணக்குப் புத்தகமோ, புகைப்படமோ வைத்திருப்பவர்கள் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். படமெடுத்து, அருகிலுள்ள கல்லூரி வரலாற்றுத் துறையிடம் ஒரு பிரதி கொடுங்கள்.