வண்டி மையிலிருந்து செமி சிந்தெடிக் வரை



போன வாரம் ஜமுனாமரத்தூரிலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். பழைய பெட்ரோல் கார் ஒன்று வாங்கியிருக்கிறானாம். "சார், கடையில மினரல், செமி சிந்தெடிக், ஃபுல் சிந்தெடிக்னு மூணு வச்சிருக்காங்க. எதை ஊத்துறது?" என்றான். வரலாறு நடத்தியவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிரித்தேன். ஆனால் அவன் ஊரில் நள்ளிரவில் யாருக்காவது பிரசவ வலி வந்தால் அந்தக் காரைத்தான் தேடி வருவார்கள். விளையாட்டாக விட மனம் வரவில்லை. அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

என் தாத்தா மாட்டு வண்டி வைத்திருந்தார். வைக்கோலைக் கருக்கி, விளக்கெண்ணெயில் குழைத்து, அச்சுக்கு மை போடுவார். மை காய்ந்தால் சக்கரம் கத்தும், அச்சு தேயும். இரும்போடு இரும்பு உரசாமல் நடுவில் ஒரு படலம் வேண்டும். இன்றைய எஞ்சின் ஆயிலின் முதல் வேலையும் அதுதான்.

அந்த விளக்கெண்ணெய் சீமைக்கும் போனது. 1899-இல் லண்டனில் வேக்ஃபீல்டு தொடங்கிய கம்பெனி, 1909-இல் ஆமணக்கு எண்ணெய் கலந்த ஆயிலை 'காஸ்ட்ரால்' என்று விற்றது. ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான 'காஸ்டர்' அதில் ஒளிந்திருக்கிறது. முதல் உலகப் போரின் விமான எஞ்சின்கள் பலவற்றிலும் ஆமணக்கு எண்ணெய்தான். படலம் உறுதியானது, ஆனால் சூடு ஏற ஏறப் பிசினாகிவிடும். அதனால் கச்சா எண்ணெயிலிருந்து எடுத்த மினரல் ஆயில் கார்களில் நிலைத்தது.

எது கெட்டி, எது நீர்ப்பு என்பதற்கு அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் 1911-இல் எண் கொடுத்தது. இன்று கேனில் பார்க்கும் 10டபிள்யூ-30 அந்த வழியில் வந்ததே. டபிள்யூ-வுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைக் காட்டும். பின்னால் உள்ளது 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதை.

நம் மாநிலத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1969-இல் மணலியில் மெட்ராஸ் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. எஞ்சின் ஆயிலுக்கு வேண்டிய அடிப்படை எண்ணெயும் அங்கே தயாரானது. 1972-இல் இந்தியன் ஆயில் 'சர்வோ'வைக் கொண்டுவந்தது.

சிந்தெடிக் என்பது ரசாயன முறையில் கட்டி உருவாக்கிய எண்ணெய். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலியத் தட்டுப்பாடும் ரஷ்யக் குளிரும் ஜெர்மானியரை அதன் பக்கம் தள்ளின. பிறகு ஜெட் விமானங்களுக்குப் போய், 1970-களில் கார்களுக்கு வந்தது. விலை அதிகம். அதையும் மினரலையும் கலந்ததுதான் செமி சிந்தெடிக். எத்தனை பங்கு சிந்தெடிக் இருக்க வேண்டும் என்று பொதுவான கட்டாய அளவு எதுவும் இல்லை. ஆகவே அந்தப் பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

இனி என் கதை. பல வருடங்களுக்கு முன் நானும் ஒரு பழைய கார் வைத்திருந்தேன். ஓடியது கொஞ்சம்தானே என்று இரண்டு வருடம் ஆயில் மாற்றவில்லை. காய்ச்சலில் கிடந்த அம்மாவைப் போளூருக்குக் கூட்டிப் போனபோது வழியில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தது. "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று ஓட்டினேன். எஞ்சின் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. பின்னால் வந்த பால் வண்டிக்காரர் அம்மாவை ஏற்றிக்கொண்டு போனார். அம்மா பிழைத்துக்கொண்டார். எஞ்சினைத் திறந்தபோது உள்ளே ஆயில் களிம்பாகக் கிடந்தது. முழுத் தப்பும் என்னுடையது.

மலையில் கிலோமீட்டர் கணக்கு நம்மை ஏமாற்றும். பத்து கிலோமீட்டர் ஏற்றத்தை முதல், இரண்டாம் கியரில் ஏறினால், சமவெளியில் அதே தூரம் ஓடியதைவிட எஞ்சின் எத்தனையோ மடங்கு சுற்றியிருக்கும், சூடாகியுமிருக்கும்.

மாணவனுக்குச் சொன்னது இதுதான். முதலில் காரோடு வந்த கையேட்டைப் பார். அதில் உள்ள எண்ணும் ஏபிஐ தரமும் கேனில் இருக்கிறதா என்று பார். டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் காருக்குக் கையேடு 10டபிள்யூ-30 கேட்டால், அந்தத் தரத்து செமி சிந்தெடிக் தாராளமாகப் போதும்; நம் மார்கழிக் குளிரையும் தாங்கும். 0டபிள்யூ-20 கேட்கும் புதுக் காருக்கும் டர்போவுக்கும் ஃபுல் சிந்தெடிக்தான் சரி. கையேட்டில் சொன்ன கிலோமீட்டரோ மாதமோ எது முந்துகிறதோ, அப்போது ஃபில்டரோடு சேர்த்து மாற்று. தினமும் மலை ஏறினால் இன்னும் முன்னதாகவே மாற்று. ஆயில் கறுத்துவிட்டதே என்று பயப்படாதே. அழுக்கைத் தன்னிடம் பிடித்து வைத்திருப்பதால்தான் கறுக்கிறது. ஆனால் அளவு குறையக் கூடாது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சில நிமிடம் கழித்து ஸ்டிக்கை எடுத்துப் பார். சரிவில் நிறுத்திப் பார்த்தால் அளவு பொய் சொல்லும்.

"சிவப்பு விளக்கு எரிஞ்சா என்னடா செய்வே?" என்று கேட்டேன்.

"உடனே ஓரங்கட்டி ஆஃப் பண்ணிடுவேன் சார்" என்றான்.

வகுப்பில் ஒரு கேள்விக்கும் கை தூக்காதவன் அவன். முழு மதிப்பெண் போட்டுவிட்டேன்.

வண்டி வைத்திருக்கும் பிள்ளைகள் நாளைக் காலை ஒரு முறை ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்