வேலூர்க் கோட்டையில் மிஞ்சிய அம்மாக்கள்

வேலூர் 1806 பற்றி எழுதாத ஆளே இல்லை. தலைப்பாகை, தாடி, நெற்றிக்குறி, ஆற்காட்டிலிருந்து குதிரையில் பறந்து வந்த கில்லஸ்பி என்று கதை எல்லாருக்கும் தெரியும். நான் எழுத வந்தது கோட்டைக்குள் இருந்த பெண்களைப் பற்றி. திருவண்ணாமலைக்காரனுக்கு அதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். 1767 செப்டம்பரில் ஹைதர் அலியின் படை கம்பெனிப் படையோடு மோதியது முதலில் செங்கத்தில், அப்புறம் நம்ம ஊர்ப் பக்கத்திலேயே. அந்த ஹைதரின் வீட்டுப் பெண்கள்தான் கடைசியில், போளூர் கண்ணமங்கலம் வழியாகப் போனால் வரும் வேலூரில் கைதிகளாக இருந்தார்கள்.

1799 மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு விழுந்தபோது அந்தப்புரத்தில் சுமார் 600 பெண்கள். திப்புவின் மனைவிகள் மட்டுமில்லை. ஹைதரின் விதவைகள், பாட்டுக்காரிகள், ஆட்டக்காரிகள், பணிப்பெண்கள் எல்லாரும் சேர்ந்த கணக்கு. அவர்களில் பெரும்பாலோரை 1802-ல் வேலூருக்குக் கொண்டுவந்தார்கள். பிள்ளைகளும் அங்கேதான். கம்பெனி உதவித்தொகை கொடுத்தது. சாப்பாட்டுக்குக் குறை வந்திருக்காது, ஆனால் வாசலில் காவல்.

சிறைதான் என்றாலும் குடும்பம் ஒன்றாக இருந்தது. பிள்ளைகள் வளர்ந்தார்கள், கல்யாணங்கள் நடந்தன. 1806 ஜூலை 9-ல்கூட திப்புவின் மகள் ஒருத்திக்குக் கல்யாணம். மறுநாள் விடிவதற்குள் கோட்டையில் துப்பாக்கிச் சத்தம். சிப்பாய்கள் திப்புவின் கொடியை ஏற்றி, மூத்த மகன் ஃபதே ஹைதரைத் தலைமையேற்கக் கூப்பிட்டார்கள். அவர் வெளியே வந்து படை நடத்தவில்லை. காலை 9 மணிவாக்கில் கில்லஸ்பி வந்து சேர்ந்தார், கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்தது. செத்த சிப்பாய்களின் எண்ணிக்கையை 350 என்பார்கள் சிலர், 800 என்பார்கள் சிலர்.

சிப்பாய்களின் கோபத்துக்கு உடுப்பு விதிகளே போதும். ஆனால் சென்னை நிர்வாகத்துக்கு, ‘இது திப்பு குடும்பத்துச் சதி’ என்பது வசதியான விளக்கம். தன் உத்தரவில் தப்பில்லை என்று சொல்லிக்கொள்ளலாமே! அதுவும் முழுசாக எடுபடவில்லை. தளபதி கிராடக்கையும் கவர்னர் பெண்டிங்கையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. ஆனால் அதற்குள் மகன்களைக் கப்பலேற்றிக் கொல்கத்தா அனுப்பியாயிற்று. பெண்களில் பலர் வேலூரிலேயே தங்கிப்போனார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் அயர்லாந்துக்குப் போய் வரணும். காரணம் காரன்வாலிஸ். 1792-ல் திப்புவிடம் அப்துல் காலிக், முயிசுத்தீன் என்ற இரண்டு சின்னப் பையன்களைப் பிணையாக வாங்கிப் போனாரே, அவரேதான். 1798-ல் அவர் அயர்லாந்தில் வைஸ்ராய். அங்கே பிரெஞ்சு உதவியோடு வெள்ளையரை விரட்டப் பார்த்த வுல்ஃப் டோன் பிடிபட்டார். ‘தூக்கு வேண்டாம், சிப்பாய் மாதிரி சுட்டுக் கொல்லுங்கள்’ என்று கேட்டதற்கு அனுமதி கிடைக்கவில்லை. கழுத்தை அறுத்துக்கொண்டு நவம்பர் 19-ல் சிறையில் இறந்தார். ஆறு மாதம்கூட ஆகவில்லை, இங்கே திப்பு. அவரும் பிரெஞ்சுக்காரனை நம்பினவர்தான்.

டோனின் மனைவி மட்டில்டா பாரிஸில் மூன்று பிள்ளைகளோடு நின்றார். மகளும் இளைய மகனும் நோயில் போய்விட்டார்கள். மிஞ்சிய வில்லியமுக்காக நெப்போலியனிடமே மனு கொடுத்து, அவனைக் குதிரைப்படைப் பள்ளியில் சேர்த்தார். பிறகு அமெரிக்கா போய், 1826-ல் அம்மாவும் மகனுமாக டோனின் குறிப்புகளைப் புத்தகமாக்கினார்கள். டோன் இன்றைக்கு அயர்லாந்தில் பெரிய பெயராக இருப்பதற்கு அந்தப் புத்தகம் முக்கியமான காரணம். 1849 வரை உயிரோடிருந்த மட்டில்டா அதைக் கண்ணால் பார்த்தார்.

வேலூர் அம்மாக்களுக்கு வாசல் தாண்டி ஒரு மனு கொடுக்கக்கூட கம்பெனி அதிகாரிதான் வழி. அவர்கள் பேசினது, கேட்டது, அழுதது எல்லாம் நமக்குக் கிடைப்பது அந்த அதிகாரிகளின் காகிதங்கள் வழியாகத்தான். அதனால் ‘மைசூர் அரசு திரும்பணும்’ என்று ஆசைப்பட்டார்களா, ‘பிள்ளைகள் கண்முன்னால் இருந்தால் போதும்’ என்று நினைத்தார்களா என்று அடித்துப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. ஒன்று நிச்சயம்: 1792-ல் பிணையாகப் போன பையன்கள் இரண்டு வருஷத்தில் திரும்பி வந்தார்கள். 1806-ல் போனவர்களுக்கு அந்த வழி இல்லை. அப்துல் காலிக் அதே ஆண்டே கொல்கத்தாவில் இறந்தார். ஒரு தடவை பிரித்து, திருப்பிக் கொடுத்து, மறுபடி பிரித்தால் எந்தத் தாய் தாங்குவாள்?

இளைய மகன்களில் ஒருவரான குலாம் முகம்மதுக்கு அப்போது 11 வயது. அவர் கொல்கத்தாவில் வளர்ந்து, 1842-ல் தர்மதலாவில் கட்டிய மசூதி இன்றும் திப்பு சுல்தான் மசூதி என்றே பெயர் பெற்றிருக்கிறது. அதற்கு 8 வருஷம் முன்னால், 1834-ல், திப்புவின் மனைவி பாட்ஷா பேகம் இறந்தார். அடக்கம் வேலூரில். ஹைதரின் விதவை பக்ஷி பேகம் கலகம் நடந்த அதே 1806-ல் இறந்தவர். அவர் கல்லறையும் அங்கேதான். கோட்டை பார்க்கப் போகிறவர்கள் ஜலகண்டேஸ்வரர் கோயிலோடு திரும்பிடாமல், அங்கேயும் ஒரு எட்டு போயிட்டு வாங்க.