ஒரே கார், எல்லாருக்கும்: மாருதி 800 இன்ஜினில் கோவை செய்த ரேஸ் காரும், எங்க ஊர் நான்கு வழிச்சாலையும்

1/
போன மாதம் ஒரு தம்பி வந்தார். வயது 22. மருங்காபுரி பக்கம். திருச்சி–மதுரை நான்கு வழிச்சாலையில் பைக் சறுக்கி விழுந்திருக்கார். காறை எலும்பு முறிவு, முழங்கையெல்லாம் சிராய்ப்பு. தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதிர்ஷ்டம் என்றுதான் சொல்லணும், ஏன் என்று கடைசியில் சொல்றேன்.

2/
கட்டுப் போடும்போது கேட்டார்:
"சார், டிவியில ரேஸ்காரங்க 200-ல போய் மோதிட்டு எந்திரிச்சு நடந்து போறாங்க. நான் 50-ல விழுந்ததுக்கே இப்படி. அவங்க உடம்பு மட்டும் என்ன வேற உடம்பா?"

நல்ல கேள்வி. இந்த இழை அதுக்கான பதில். கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் இன்ஜினியரிங், கொஞ்சம் மருத்துவம். பொறுமையா படிங்க.

3/
முதலில் சோழவரம். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம். பல பத்தாண்டுகள் தென்னிந்தியாவின் கார் பந்தயம் என்றாலே அதுதான். ஃபார்முலா ஒன்னில் ஓடி ஓய்ந்த என்சைன் கார் ஒன்றை விஜய் மல்லையா அங்கே ஓட்டியதை அந்தக் கால ரசிகர்கள் இன்னும் பேசுவாங்க.

4/
இப்ப யோசிங்க. ஒருத்தர் வெளிநாட்டில் இருந்து இறக்கிய ஃபார்முலா கார். பக்கத்தில் இன்னொருத்தர் பட்டறையில் மாற்றிக் கட்டிய ஃபியட். யார் ஜெயிப்பாங்க? ஜெயித்தது திறமையா, பணமா? எப்படிச் சொல்வீங்க?

ஒருத்தருக்குப் புத்தகத்தைப் பார்த்து எழுத அனுமதி, இன்னொருத்தருக்குப் பேனாவே இல்லை. அப்படி ஒரு பரீட்சை அது.

5/
இதே பிரச்சனையை வெளிநாட்டில் முன்பே சந்தித்திருந்தாங்க. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 'ஃபார்முலா வீ' வந்தது: ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் இன்ஜின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷனை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார். 1967-ல் இங்கிலாந்தில் 'ஃபார்முலா ஃபோர்டு': இரும்புக் குழாய்ச் சட்டகம், சாதாரண ஃபோர்டு இன்ஜின், இறக்கைகள் கிடையாது.

சென்னாவும் ஷூமாக்கரும் ஃபார்முலா ஃபோர்டில் ஓட்டிப் பழகியவர்கள்தான்.

6/
இதன் சூத்திரம் எளிது. தெருவில் ஓடும் காரின் உறுப்புகளை எடு. விலை குறையும், உதிரிபாகம் எங்கும் கிடைக்கும். எல்லாருக்கும் ஒரே விதி வை. இன்ஜினுக்கு சீல் வை, யாரும் உள்ளே கை வைக்கக் கூடாது. அப்புறம் மிச்சம் இருக்கும் ஒரே வித்தியாசம் ஸ்டீயரிங் பிடித்திருக்கும் ஆள்தான்.

எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள்!

7/
நம்ம ஊருக்கு இதைக் கொண்டுவந்தவர் கோயம்புத்தூர் எஸ். கரிவர்தன். ஜவுளி ஆலைக் குடும்பம். தானே ரேஸ் ஓட்டியவர், தானே கார் வடிவமைத்தவர்.

அவர் நினைத்திருந்தால் இன்னொரு வெளிநாட்டுக் காரை இறக்கி, இன்னும் நாலு கோப்பை வாங்கிட்டுப் போயிருக்கலாம். அவர் செய்தது வேற.

8/
1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர், சுமார் 40 குதிரைத்திறன். கொஞ்ச வருஷத்திலேயே எந்த ஊர் மெக்கானிக்கும் கழற்றி மாட்டத் தெரிந்த இன்ஜின் அது.

1988-ல் அந்த இன்ஜினை வைத்துக் கரிவர்தன் உருவாக்கியதுதான் 'ஃபார்முலா மாருதி'. குழாய்களை வெல்டு செய்த சட்டகம், நடுவில் ஒரே ஒரு இருக்கை, ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் இன்ஜின்.

9/
"40 குதிரைத்திறனில் என்ன ரேஸ்?" என்று சிரிக்காதீங்க.

கதவு, கண்ணாடி, பின் சீட்டு, கூரை எல்லாத்தையும் எடுத்துட்டா எடை குறையும். எடை குறைந்தால் அதே இன்ஜின் இன்னும் வேகமா இழுக்கும், பிரேக்கும் சீக்கிரம் பிடிக்கும். ஓட்டுநர் தரையை ஒட்டி உட்கார்ந்தால் வளைவில் கார் சாயாது. இன்ஜினை முன்னால் இருந்து பின்னால் கொண்டுபோனால் மூக்குப் பகுதி ஒல்லியாகி, காற்றைக் கிழித்துட்டுப் போகும்.

10/
இன்னொரு நன்மையும் உண்டு. சக்தி குறைவான காரில் ஒரு வளைவில் தப்புப் பண்ணினால், ஆக்சிலேட்டரை மிதித்து அந்த இழப்பை ஈடுகட்ட முடியாது. தப்பு அப்படியே நேரக் கணக்கில் தெரியும். அதனால்தான் இளம் ஓட்டுநருக்கு இது நல்ல பள்ளிக்கூடம்.

கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் டீன் வயதில் ஏறிய முதல் ரேஸ் கார் ஃபார்முலா மாருதி. 2005-ல் அவர் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

11/
அதைப் பார்க்கக் கரிவர்தன் இல்லை. 1995-ல் ஒரு விமான விபத்தில் போயிட்டார். நாற்பதுகளின் தொடக்கம்தான்.

கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' அவர் பெயரில்தான் இருக்கு. அவர் போட்ட பாதையில் கோவையில் இருந்தே ஃபார்முலா எல்ஜிபி போன்ற கார்கள் வந்தன, இந்த முறை 1300 சிசி மாருதி இன்ஜினோடு.

12/
சரி டாக்டர், எலும்பு முறிவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. வர்றேன்.

விபத்தில் ஆளைக் கொல்வது வேகம் இல்லை. அந்த வேகம் எவ்வளவு தூரத்தில் பூஜ்யம் ஆகுது என்பதுதான்.

13/
ஒரு கணக்கு. 100 கிமீ வேகத்தில் போகும் உடல் அரை மீட்டரில் நின்றால், உடல்மேல் விழும் விசை அதன் எடையைப் போல் கிட்டத்தட்ட 80 மடங்கு. அதே உடல் ஒன்றரை மீட்டரில் நின்றால் 26 மடங்கு.

ஒரே வேகம், ஒரே உடல். கூடுதலாகக் கிடைத்த அந்த ஒரு மீட்டர்தான் பிரேதப் பரிசோதனைக்கும் நோயாளி படுக்கைக்கும் இடையில் இருக்கும் தூரம்.

14/
ரேஸ் காரின் மூக்கும் பக்கவாட்டும் நொறுங்குவதைப் பார்த்து "அய்யோ கார் தூள் தூளாயிடுச்சே" என்கிறோம். அது நொறுங்கணும் என்றே செய்தது! ஒவ்வொரு துண்டும் உடையும்போது கொஞ்சம் ஆற்றலைத் தின்னும், கொஞ்சம் தூரம் வாங்கித் தரும்.

நடுவில் இருக்கும் ஓட்டுநர் கூடு மட்டும் உடையக் கூடாது. 1981-ல் மெக்லாரன் கார்பன் இழையில் அந்தக் கூட்டைச் செய்த பிறகு ஃபார்முலா ஒன்னே மாறிப்போச்சு.

15/
அடுத்து கழுத்து. பட்டை மார்பைப் பிடித்துக்கொள்ளும், தலையை யார் பிடிப்பது? ஹெல்மெட்டோடு சேர்த்துத் தலை சுமார் 6 கிலோ. 26 மடங்கு என்றால் 150 கிலோவுக்கு மேல் முன்னால் இழுக்குது. மண்டையோட்டின் அடித்தளம் முறியும். மூளைத்தண்டும் பெரிய ரத்தக்குழாய்களும் இருக்கும் இடம் அது. வெளியில் ஒரு கீறல்கூட இல்லாமல் உயிர் போகும்.

1994 இமோலாவில் ராட்சன்பெர்கருக்கு நடந்தது இதுதான்.

16/
அதுக்கும் தீர்வு ஏற்கனவே இருந்தது. 1980-களில் ராபர்ட் ஹப்பார்ட் என்ற உயிரி இயந்திரவியல் பேராசிரியரும், ரேஸ் ஓட்டுநரான அவர் மைத்துனர் ஜிம் டவுனிங்கும் சேர்ந்து செய்த கருவி: 'ஹான்ஸ்'. தோளில் உட்காரும் ஒரு பட்டை, ஹெல்மெட்டை இரண்டு வாரால் பிடித்துக்கொள்ளும்.

ரொம்ப நாள் "கழுத்துக்கு இடைஞ்சல்" என்று பலர் போடவே இல்லை. 2003-ல் ஃபார்முலா ஒன் கட்டாயம் ஆக்கியது. அப்புறம்தான் எல்லாரும் போட்டாங்க.

17/
இந்த இடத்தைக் கவனிங்க.

ஒரே மாதிரி கார் என்பதன் பெரிய லாபமாக எனக்குத் தெரிவது சமமான போட்டி இல்லை, சமமான பாதுகாப்பு. ஒரு தொடரில் எல்லாருக்கும் ஒரே சட்டகம் என்றால், அந்தச் சட்டகத்தில் ஒரு குழாயைக் கூடுதலா வெல்டு செய்தால் அது எல்லாருக்கும் கிடைக்கும். ஆலை முதலாளி மகனுக்கும் கிடைக்கும், மெக்கானிக் மகனுக்கும் கிடைக்கும்.

18/
2018-ல் ஓட்டுநர் தலைக்கு மேல் 'ஹாலோ' வளையம் வந்தப்பவும் இதே கதைதான். அழகா இல்லைனு நிறைய பேர் திட்டினாங்க. ஆனால் ஒரே மாதிரி கார்கள் ஓடும் ஃபார்முலா 2-வில் அந்த வருஷ கார் எல்லாவற்றிலும் அது இருந்தது. "ஹாலோ இல்லாத மலிவு மாடல் இருக்கா?" என்று கேட்க ஆளும் இல்லை, வழியும் இல்லை.

ரேஸ் ஆபத்தில்லாத விளையாட்டு என்று நான் சொல்லலை. 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையில்கூட ஒரு மூத்த ஓட்டுநரை இழந்தோம்.

19/
இப்ப நம்ம ரோட்டுக்கு வாங்க.

2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் அதிகம் விற்ற சிறிய கார்கள் ஐந்தை மோதவிட்டுப் பார்த்தது. ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்கள். ஐந்துக்கும் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்ய நட்சத்திரம். அதில் ஒன்றை, இரண்டு ஏர்பேக் வைத்த மாடலில் மறுபடி மோதவிட்டாங்க. நான்கு நட்சத்திரம்.

ஒரே பெயர் கொண்ட கார். பணம் கூடக் கொடுத்தவருக்கு நான்கு, கொடுக்காதவருக்குப் பூஜ்யம்.

20/
பிறகு சட்டம் வந்தது. 2019-ல் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம், அடுத்து முன் சீட்டில் பக்கத்தில் இருப்பவருக்கும். "விலை ஏறிடும்" என்ற புலம்பல் அப்பவும் இருந்தது. ஆனால் இன்று ஷோரூமில் ஏர்பேக் இல்லாத புதுக் காரைக் கேட்டாலும் கிடைக்காது.

கரிவர்தன் மாதிரி ஆட்கள் ரேஸ் டிராக்கில் செய்ததைத்தான் சட்டம் ரோட்டில் செய்யுது: அடிமட்டக் கோடு எல்லாருக்கும் ஒன்று.

21/
மருங்காபுரி ஒரு காலத்தில் ஜமீன். யார் எதில் போகணும் என்பதைப் பிறப்பே முடிவு செய்த காலம் அது. பல்லக்கில் போனவர் ஒருத்தர், அதைத் தூக்கிட்டு நடந்தவர் இன்னொருத்தர். இன்று நான்கு வழிச்சாலை எல்லாருக்கும் பொது. ஆனால் அதில் ஏர்பேக்கோடு போகிறவரும், சரக்கு வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டே வேலைக்குப் போகிறவரும் ஒரே விபத்தில் ஒரே மாதிரி என்னிடம் வருவதில்லை.

சிலர் வருவதே இல்லை.

22/
அந்தத் தம்பி கதைக்கு வர்றேன். அவர் ஹெல்மெட் போட்டிருந்தார். ரோட்டோரக் கடையில் வாங்கியது, ஐஎஸ்ஐ முத்திரை கிடையாது, வாரும் மாட்டலை. விழுந்ததும் அது தனியா உருண்டு போயிடுச்சு. தோள் முதலில் தரையில் பட்டதால் தலை தப்பியது. அதைத்தான் அதிர்ஷ்டம் என்றேன்.

"நல்லது ஆயிரம் ரூபா சொல்றாங்க சார்" என்றார். கோபம் வரலை எனக்கு. அவருடைய ஒன்றரை நாள் கூலி அது.

23/
அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்றேன். ரேஸ்காரர் உடம்பும் நம்ம உடம்பும் ஒன்றுதான். அதே காறை எலும்பு, அதே கழுத்து. அவரைச் சுற்றி யாரோ உட்கார்ந்து யோசித்து, எல்லாருக்கும் சேர்த்து ஒரு கூடு செய்து வச்சிருக்காங்க. அவ்வளவுதான் வித்தியாசம்.

24/
நம்ம கையில் இருப்பது:
ஐஎஸ்ஐ ஹெல்மெட், வாரை மாட்டி. பின்னால் உட்காருபவருக்கும் ஒன்று.
காரில் பின் சீட்டிலும் பெல்ட்.
குழந்தையை முன் சீட்டில் மடியில் வைக்காதீங்க. ஏர்பேக் விரியும் இடம் அது.
ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடாதீங்க.

25/
வேலைக்கு ஆள் வைத்திருக்கும் நண்பர்களே, தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸோடு ஒரு நல்ல ஹெல்மெட்டும் கொடுங்க.

முதலாளி போடுவதும் தொழிலாளி போடுவதும் ஒரே ஹெல்மெட்டா இருக்கட்டும்.